அட்டையில் எழுதிய ஐந்து லட்சம்

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருந்தேன். கடைக்காரரின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். கணக்கில் கெட்டிக்காரி. டயரைக் கழற்றிக்கொண்டே அவர் ஓர் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். டியூப் வருகிற பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டிருந்தார். 1,25,000 பெருக்கல் 4. விடை 5,00,000. விடையைச் சுற்றி இரண்டு வட்டம். கீழே 'ஹாஸ்டல்' என்று எழுதி, எதிரே தொகை போடாமல் விட்டிருந்தார்.

"திருச்சி என்.ஐ.டி.க்குப் பரீட்சை எழுதணுங்கிறா சார். ஃபாரம் போட இன்னும் ஒரு வாரம்தான் இருக்காம். ஃபாரத்துக்கு 800 ரூபா, அது பெரிசில்ல. எழுதி, எடமும் கெடச்சு, அப்புறம் பணம் இல்லன்னு நான் சொன்னா அவ தாங்கமாட்டா. அதுக்கு இப்பவே வேணாம்னுட்டா தேவலைன்னு பாக்கிறேன்."

வங்கியில் கல்விக் கடன் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். இதே பேச்சை வேறு வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். பேசியவர்கள் எல்லோருமே பிள்ளையின் மேல் உயிரை வைத்திருந்தவர்கள். அவர்கள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான்: விண்ணப்பிக்கலாமா என்ற கேள்வியையும் சேரலாமா என்ற கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு மாதம் இருக்கிறது. அந்த மாதங்களில்தான் உண்மையான கட்டணம் எவ்வளவு என்பதே தெரியவரும்.

அவர் போட்ட பெருக்கல் சரி. எடுத்துக்கொண்ட எண்தான் அவருக்கு உரியதல்ல.

என்.ஐ.டி.களில் பி.டெக். படிப்புக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 1,25,000 ரூபாய். ஐ.ஐ.டி.களில் 2016-ல் 90,000 ரூபாயாக இருந்ததை 2 லட்சமாக உயர்த்தினார்கள். அப்போது செய்தித்தாள்களில் தலைப்பாக வந்தது இந்த உயர்வுதான். கூடவே வந்த இன்னொரு பகுதி தலைப்பில் வரவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. மற்றவர்களில், குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அவர்களுக்கும் முழு விலக்கு. ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆண்டுக்கு நான்கு லட்சம் சம்பாதிக்கிற குடும்பம் என்.ஐ.டி.க்குக் கட்ட வேண்டிய கல்விக் கட்டணம் ஏறக்குறைய 41,700 ரூபாய், ஐ.ஐ.டி.க்கு 66,700 ரூபாய். எங்கள் ஊர்ப் பக்கம் பல தனியார் பொறியியல் கல்லூரிகளில் கட்டுவதைவிட முதல் தொகை குறைவு, இரண்டாவது சற்றுத்தான் கூடுதல்.

சைக்கிள் கடைக்காரரின் வருமானச் சான்றிதழில் இருப்பது 84,000. அவருக்குக் கல்விக் கட்டணம் பூஜ்யம். அட்டையில் வட்டம் போட்ட ஐந்து லட்சம் அவர் கட்ட வேண்டிய பணமே இல்லை.

ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துத்தான் விலை. ஒரே மூட்டை அரிசி ஒரு கார்டுக்கு இலவசம், இன்னொரு கார்டுக்குக் கிடையாது. இதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்லூரிக் கட்டணமும் ஏறக்குறைய அப்படித்தான். இணையதளத்தில் அச்சாகியிருப்பது எந்தச் சலுகைக்கும் தகுதி இல்லாதவர் கட்ட வேண்டிய தொகை. வருமானம், சாதி, படித்த பள்ளி, குடும்பத்தில் முன்பு யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்பது, எந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது என்பது எல்லாம் சேர்ந்துதான் உங்கள் தொகையைத் தீர்மானிக்கும். கஷ்டம் என்னவென்றால், ரேஷன் கடையில் கார்டை நீட்டினால் போதும். இங்கே விண்ணப்பம் போட்டு, இடம் வாங்கி, சான்றிதழ் காட்டிய பிறகுதான் தொகை தெரியும். கட்டணப் பக்கத்தைப் பார்த்து ஒதுங்குகிறவர் தன் விலை என்ன என்று கேட்காமலேயே திரும்பிவிடுகிறார்.

ஹாஸ்டலுக்கு எதிரே இருந்த வெற்றிடத்துக்கு வருகிறேன். அவர் பயந்தது அதற்கும்தான். விடுதி, சாப்பாடு, இதர கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 70,000 என்று நாங்கள் இருவரும் ஒரு மதிப்புப் போட்டோம். சைக்கிள் கடைக்கு அதுவும் பாரம்தான். ஆனால் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற முதன்மை நிறுவனங்களில் சேர்ந்தால் இளநிலைப் படிப்பின் செலவை ஏற்றுக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கவில்லை. பள்ளியில் சொல்லியிருக்கக்கூடும், அன்றைக்கு அவள் விடுப்பில் இருந்திருக்கலாம். ஒரு திட்டம் இருப்பதும் அது இருப்பது உரியவருக்குத் தெரிந்திருப்பதும் வேறு வேறு என்பதை அந்த மேசையில் தினமும் பார்த்தவன் நான்.

மருத்துவத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 2020-ல் தமிழ்நாடு அரசு, நீட் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்துச் சட்டம் இயற்றியது. அந்த நவம்பரில் முதல் கலந்தாய்வு நடந்தது. அரசுக் கல்லூரி கிடைத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களில் சிலர், ஆண்டுக்குச் சில லட்சம் என்ற தொகையைக் கேட்டு, கட்ட வழியில்லை என்று இடத்தை ஏற்காமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். கூலி வேலை செய்கிற பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். சில நாட்களுக்குள்ளேயே, தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று அறிவிப்பு வந்தது. திரும்பிப் போனவர்கள் இடம் கேட்டு மறுபடியும் அலைய வேண்டியதாயிற்று.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த தகவல் அவ்வளவுதான். ஆனாலும் அந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பணம் இல்லை என்று அவர்கள் நீட் எழுதாமலே இருந்திருந்தால், அந்த அறிவிப்பு வந்தும் ஒன்றும் ஆகியிருக்காது. பரீட்சை எழுதித் தரவரிசையில் பெயர் வந்திருந்ததால்தான் அவர்களைப் பற்றிப் பேச்சே எழுந்தது. 2021-ல் இந்த 7.5 சதவீதம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என விரிந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது.

இவை தவிர, குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010-லிருந்து கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. இரண்டரை லட்சத்துக்குள் வருமானம் உள்ள பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இவற்றின் நுணுக்கங்களுக்கு இங்கே இடமில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கட்டணம் சார்ந்த பெரிய சலுகைகள் அரசு ஒதுக்கீட்டில், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு முதல் பட்டதாரிச் சான்றிதழை நீட்டிப் பயனில்லை. அப்படிச் சான்றிதழும் கையுமாக என் மேசைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் 'காலம் கடந்துவிட்டது' என்று சொல்வதுதான் அந்த வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி.

பெயரைக் கேட்டாலே விலை அதிகம் என்று தோன்றுகிற இடங்கள் இன்னும் பல. டெல்லி எய்ம்ஸில் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பின் மொத்தக் கட்டணம் பத்தாயிரம் ரூபாயைத் தொடாது. வேலூர் சி.எம்.சி. தனியார் கல்லூரிதான், கட்டணமோ அரசுக் கல்லூரி அளவுக்குத்தான். இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பி.ஸ்டாட்., பி.மேத். மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காமல், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்து வந்திருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் அந்த வளாகத்தின் பரப்பைப் பார்த்தே 'நமக்கு ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் பல தனியார் கலைக் கல்லூரிகளைவிட அங்கே கட்டணம் குறைவு.

கடல் தாண்டியும் இதே கதை உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அச்சிட்ட செலவு ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். ஆனால் குடும்ப வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருப்பவர்கள் ஒன்றுமே கட்ட வேண்டாம், இரண்டு லட்சம் டாலருக்குள் இருப்பவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது என்று 2025-ல் அறிவித்தார்கள். அங்கே வெளிநாட்டு மாணவருக்கும் இதே நிதியுதவி முறைதான். ஆனால் இதை நம்பி எல்லா அமெரிக்கக் கல்லூரிகளும் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமலே இடமும் கொடுத்து, தேவை முழுவதையும் ஈடுசெய்கிற கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றில் பல, பண நிலையையும் பார்த்துத்தான் இடம் தரும்.

சரி, விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தால் அதற்குக் காலம் எது? நம் வீடுகளில் கல்லூரிப் பேச்சு பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு, மே மாதத்தில் தொடங்கும். அதற்குள் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். என்.ஐ.டி.களில் சேர்வதற்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் முதல் சுற்றுக்கு அக்டோபர் கடைசி, நவம்பரில் விண்ணப்பம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வே டிசம்பரில் முடிந்துவிடுகிறது. நீட் விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் விண்ணப்பமும் மே மாதத்துக்கு முன்பே முடிந்துவிடும். மே மாதத்தில் திறந்திருப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வும் கலை அறிவியல் கல்லூரிகளும், எந்த நாளும் திறந்திருக்கிற தனியார் கல்லூரிகளும்தான். ஆக, பணத்தைப் பற்றிய முடிவை மே மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தைப் பற்றிய முடிவை ஐப்பசியிலேயே எடுத்தாக வேண்டும்.

சான்றிதழ்களுக்கும் இதே அவசரம் உண்டு. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பலர் கையில் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இருக்கும். மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேர்ந்தவர் அல்ல என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் சேர்க்கை நடக்கும் ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல ரேங்க் வைத்துக்கொண்டு பொதுப்பிரிவில் தள்ளப்பட்ட பிள்ளைகள் உண்டு. வருமானச் சான்றிதழுக்கும் ஓராண்டுதான் ஆயுள்.

இன்னொரு பணத்தைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகனுக்கு 2024-ல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கடைசி நாள் ஜூன் 24, மாலை 5 மணி. தருவதாகச் சொன்னவர் கைவிரித்துவிட, ஊரார் சேர்ந்து திரட்டிக் கொடுத்தபோது மணி 4.45. இணையதளத்தில் நுழைந்து ஆவணங்களை ஏற்றுவதற்குள் 5 ஆகிவிட்டது, இடம் போயிற்று. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்தப் பையன் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து, பிறகு உச்ச நீதிமன்றம் போனான். செப்டம்பர் 30 அன்று, அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவைக் கொண்டு, அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அவனுக்குக் கல்விக் கட்டண விலக்கு உண்டு. அவன் இடத்தைக் காவு கேட்டது நான்கு ஆண்டுக் கட்டணமான எட்டு லட்சம் அல்ல, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட மணிக்குள் கட்ட வேண்டிய 17,500. எல்லோரும் உச்ச நீதிமன்றம் போக முடியாது. சலுகை பின்னால் வரும், முன்பணம் முதலில் போக வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் போதே தெரிந்துகொண்டு, ஏலச்சீட்டோ சேமிப்போ, அந்த ஜூன் மாதத்துக்கென்று இருபது, முப்பதாயிரம் ரூபாயை ஒதுக்கி வையுங்கள். தொடவே கூடாத பணமாக அது இருக்கட்டும்.

விண்ணப்பம் போடுவதற்கும் செலவு இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. கிளாட் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் 4,000 ரூபாய், நீட்டுக்கு 1,700. நாலு தேர்வு எழுதினால் ஒரு கூலிக்காரரின் பல நாள் வருமானம் போய்விடும். ஆகையால் எல்லாவற்றுக்கும் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். பிள்ளைக்கு நிஜமாகவே விருப்பமும், கிடைக்க ஓரளவு வாய்ப்பும் உள்ள இரண்டு மூன்று இடங்களுக்குக் கட்டணப் பட்டியலைப் பார்க்காமல் போடலாம். கூடவே, எந்தச் சலுகையும் கிடைக்காவிட்டாலும் சொந்தப் பணத்தில் படித்துவிடக்கூடிய ஒரு கல்லூரி கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 250. அதைப் போடாமல் விடாதீர்கள்.

இனி, சைக்கிள் கடைக்காரர் சொன்ன பயம். இடம் கிடைத்து, பணம் இல்லாமல் போனால் பிள்ளை தாங்குமா? இந்தப் பயத்தை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கிடைத்த இடத்தை விட்ட பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வலி பெரிதாவதற்கு ஒரு காரணம், நம் வீட்டில் பணக்கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை என்பது. அப்பாவுக்கு எவ்வளவு வருகிறது, வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, அக்கா கல்யாணத்துக்கு வைத்த நகை எந்த அடகுக் கடையில் இருக்கிறது, எதுவும் பிள்ளைக்குத் தெரியாது. "நீ படி, பணத்தை நான் பார்த்துக்கிறேன்" என்பது நம் அப்பாக்கள் சொல்கிற அன்பான சொல். அதை நம்பிய பிள்ளை ஜூன் மாதத்தில் திடீரென்று 'முடியாது' என்பதைக் கேட்கும்போதுதான் இடிந்துபோகிறது. இன்னொரு வகை அப்பா 'முடியாது' என்பதைச் சொல்லவே மாட்டார். காணியை விற்று, வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடுவார். அதை அந்தப் பிள்ளை முப்பது வயதில்தான் தெரிந்துகொள்ளும்.

விண்ணப்பம் போடுகிற அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள். "ஆண்டுக்கு நம்மால் இவ்வளவு முடியும். அதற்கு மேல் கடன் என்றால் மொத்தம் இவ்வளவுதான். இதற்குள் வந்தால் போகலாம், வராவிட்டால் இன்னொன்று இருக்கிறது." பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். புரியாது என்று நினைப்பது நாம்தான். சைக்கிள் கடையில் அன்றைக்கு நடந்ததும் அதுதான். அந்தப் பெண்ணையே கூப்பிட்டு அட்டையின் மறுபக்கத்தைக் கொடுத்தோம். அவள் தன் கையெழுத்தில் எழுதினாள்: அப்பாவால் ஆண்டுக்கு 20,000. அப்பா 25,000 என்றார். அவள் வேண்டாம், 20,000 என்றாள்.

கடன் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு நான்கு ஆண்டு, அதற்குப் பின் ஓராண்டு, ஆக ஐந்து ஆண்டு தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி நிற்பதில்லை. முதல் ஆண்டு வாங்கிய பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு நான்கு ஆண்டு என்று தனிவட்டி போட்டாலே மூன்றரை லட்சம் ஏறியிருக்கும். கட்டத் தொடங்கும்போது கடன் பதின்மூன்றரை லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 17,800 ரூபாய். மொத்தம் கட்டுவது இருபத்தொரு லட்சத்துக்கு மேல்.

இதே கடனுக்கு, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பில் சேர்ந்திருந்தால், அந்த ஐந்து ஆண்டு வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்கும். அப்போது தவணை 13,200 ரூபாயாக இறங்கும். ஒரு சான்றிதழை உரிய நேரத்தில் வங்கியில் கொடுத்தால் பத்து ஆண்டில் ஐந்தரை லட்சம் மிச்சம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) இடம் பெற்றவர்களுக்கு சொத்து ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. வங்கியில் "ஈடு இல்லாமல் முடியாது" என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் பதிந்து, மறுப்பதானால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

அந்த 17,800 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் சேரலாமா என்ற கேள்விக்கு வர வேண்டும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்சம் சாதாரணம். கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் தனியார் பொறியியல் கல்லூரிக்கு 2017-ல் நிர்ணயித்த கட்டணம் 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற பாடமானால் 55,000. வித்தியாசம் நான்கு ஆண்டில் பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் போகும். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். ஃப்ளெக்ஸ் பேனரில் இருக்கும் 'அதிகபட்சச் சம்பளம்' ஒரே ஒரு மாணவருடையது. நடுவில் நிற்கிற மாணவருக்கு என்ன சம்பளம் என்பது, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த விவரத்தில் இருக்கிறது. அதைக் கல்லூரியின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அந்தத் தொகையை 12-ஆல் வகுத்து, 17,800 ரூபாயை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

'50 சதவீத ஸ்காலர்ஷிப்' என்று அழைக்கிற கல்லூரியிடம், அது நான்கு ஆண்டுக்கும் உண்டா, ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் போய்விடுமா, விடுதிக் கட்டணத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தச் சலுகை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத பணம் எதையும் கொடுக்காதீர்கள். நன்கொடை வாங்குவதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லிருந்தே சட்டம் இருக்கிறது. அவசரமாக ஓரிடத்தில் சேர்ந்த பிறகு நல்ல இடம் கிடைத்தால் பணம் முழுவதும் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும், விலகும் தேதியைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் விலகுகிறீர்களோ அவ்வளவு கூடுதலாகத் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு வகைக் குடும்பத்துக்கு என்னிடம் நல்ல சேதி இல்லை. ஆண்டுக்கு ஆறேழு லட்சம் சம்பளம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், தனியார் பள்ளியில் படித்த பிள்ளை. இவர்கள் ஐந்து லட்சம் என்ற கோட்டுக்குச் சற்று மேலே நிற்பதால் விலக்கு கிடைக்காது, முழுக் கட்டணம் கட்டவும் வராது. ஒரு லட்சமும் ஐந்து லட்சமும் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கோடுகள். விலைவாசி எங்கோ போய்விட்டது, கோடுகள் அங்கேயே நிற்கின்றன. அவற்றை உயர்த்த வேண்டியது மத்திய அரசின் கடமை. அதுவரை இந்தக் குடும்பங்களுக்கு வட்டிச் சலுகையோடு கூடிய கடனும், அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போல வருமானம் பார்த்துக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் குறைக்கிற சில இடங்களும்தான் வழி. இவர்களும் விண்ணப்பிக்கலாம். சேரும்போது மற்றவர்களைவிடக் கறாராகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சைக்கிள் கடைப் பெண் விண்ணப்பம் போட்டாள். என்.ஐ.டி. இடங்களில் பாதி அந்தந்த மாநிலத்து மாணவர்களுக்கு என்பதை அவளே தேடிக் கண்டுபிடித்து என்னிடம் வந்து சொன்னாள். அந்த அட்டை இன்னும் கடைச் சுவரில், காற்றடிக்கிற பம்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஐந்து லட்சத்தின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்தில் 20,000.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால், இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். ஓ.பி.சி. சான்றிதழுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடி போக வேண்டும். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.